பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் என்ன? பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

பாலக்கோட்டிலிருந்து ஓசூர்க் கம்பெனி வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டேன். இப்போது எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. சரித்திர நாவல் என்றால் நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பைத்தியம்? அடுத்து எதைப் படிக்கலாம்? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி ஒரு கதைக்கு ஏற்ற சரித்திரம் இருக்கிறதா? ஒன்பதாவது படிக்கும் தங்கைக்கு எதை வாங்கிக் கொடுப்பது?"

தம்பி, நான் தர்மபுரிப் பக்கத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சரித்திர நாவல்களைச் சின்ன வயதிலிருந்து விடாமல் படித்து வருபவன். முதல் கேள்விக்கான பதிலில் மற்ற மூன்றுக்கும் பாதிப் பதில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராஜா, ராணி, வாள், கிரீடம் என்பதற்காகத்தான் இந்தக் கதைகளைப் படிக்கிறார்கள் என்று படிக்காதவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், வாசகரைக் கட்டிப்போடுவது வழிதான். குதிரைமேல் ஒரு வாலிபன். மடியில் ஓலை. போகும் ஊர் புதிது, வழியில் எதிர்ப்படுகிற ஆளை நம்பலாமா கூடாதா என்று தெரியாது. பொன்னியின் செல்வன் எப்படி ஆரம்பிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு. வீர நாராயண ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாய்கிறது. கரை முழுக்கச் சனங்கள், சோறு கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள், பாட்டு. அந்தக் கரையில் வந்தியத்தேவன் வேடிக்கை பார்த்தபடி வருகிறான். சம்புவரையர் மாளிகைச் சதி எல்லாம் பிறகுதான். அதற்கு முன்பே நாம் அந்த ஏரிக்கரையில் நின்று காற்று வாங்கிவிட்டோம். அப்புறம் கல்கி எந்தச் சதியைச் சொன்னாலும் நம்புகிறோம்.

நம் மாவட்டத்துக்காரருக்கு அந்த முதல் அத்தியாயம் இன்னும் நெருக்கமானது. கல்கி காட்டும் அந்த ஆடிப்பெருக்குத் தண்ணீர் முதலில் தமிழ்நாட்டுக்குள் நுழைவது நம் ஒகேனக்கல் பக்கம்தான். ஆடி 18 அன்று அங்கே போய்ப் பார்த்திருப்பீர்கள். குலதெய்வத்தின் வேலையும் சூலத்தையும் தலையில் சுமந்து வந்து ஆற்றில் கழுவுவார்கள், புதுத்தாலிக் கயிறு மாற்றுவார்கள், கருவாடும் மீனும் மணக்கும். செந்நிறமாகத் தண்ணீர் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அதே நீர் மேட்டூர், பவானி, திருச்சி எல்லாம் கடந்து கொள்ளிடம் வழியாக அந்த ஏரிக்குப் போகிறது. இது தெரிந்து அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது காரணம், இந்தக் கதைகள் வந்த விதம். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்தது. மூன்றரை வருஷம் ஒரு கதையை ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு கதவு திறக்கவோ மூடவோ வேண்டும். அந்த அவசியத்திலிருந்துதான் அத்தியாய முடிவில் மூச்சைப் பிடிக்க வைக்கும் அந்த வித்தை வளர்ந்தது. அந்த நாளில் இந்தப் பக்கத்து வீடுகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு பைண்டிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மணியம் வரைந்த படம் ஒரு பக்கம், அதன் பின்னால் தலைவலித் தைல விளம்பரம். நடுநடுவே ஒரு வாரம் விட்டுப் போயிருக்கும், அந்த இடத்தில் யாரோ பென்சிலால் "இங்கே இரண்டு அத்தியாயம் இல்லை, கதை இப்படி" என்று நாலு வரி எழுதி வைத்திருப்பார்கள். அடுத்துப் படிக்க வருகிற முகம் தெரியாத ஆளுக்காகக் கதைச் சுருக்கம் எழுதி வைக்கிற வாசகன், அவனுடைய ஆர்வத்துக்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கல்வெட்டு பெயரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. அவ்வளவுதான் ஆதாரம். வந்தியத்தேவர் எப்படிச் சிரிப்பார், எதற்கு அவசரப்படுவார், பசி வந்தால் என்ன செய்வார் என்பதெல்லாம் கல்கி கொடுத்தது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு இன்னொன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலத்தைப் பறித்த செய்தியையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாத இடத்தில்தான் நந்தினி பிறந்தாள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கற்பனைதான். கதை முடிந்த பிறகு கல்கி எழுதிய முடிவுரையை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவசியம் படியுங்கள். எங்கே சரித்திரம் நிற்கிறது, எங்கே கதை ஆரம்பிக்கிறது என்பதைப் பற்றி அவரே பேசுகிறார். நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் திரட்டிவைத்த சோழர் வரலாற்றின் மேல் நின்றுதான் அவர் கதை கட்டினார்.

(கல்கிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் குருவாகக் கொண்டாடிய ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். ராஜாஜியின் திருச்செங்கோடு ஆசிரமத்தில் மதுவிலக்குப் பத்திரிகையான விமோசனத்தில்தான் கல்கி சில காலம் வேலை பார்த்தார்.)

சரி, அடுத்து என்ன படிப்பது? எதை எடுத்தாலும் ஓடவில்லை என்கிறீர்கள். ஓடாததற்குக் காரணம், அடுத்த புத்தகத்திலும் வந்தியத்தேவனையே தேடுகிறீர்கள். கிடைக்க மாட்டான். அதனால் அவனைப் போலவே ஒருவன் இருக்கிற கதையை இப்போது தொடாதீர்கள். வேறு ருசிக்குப் போங்கள்.

முதலில் சாண்டில்யன். குமுதத்தில் அவர் தொடர் வந்த காலத்தில் அதற்காகவே கடையில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. கல்கியின் நாயகன் வாயால் மாட்டிக்கொண்டு வாயால் தப்புவான். சாண்டில்யனின் நாயகன் திட்டம் போடுவான். கடல் புறாவில் இளைய பல்லவனாக வரும் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப் பரணி பாடுகிற அதே தளபதிதான். காற்று எந்தப் பக்கம் வீசும்போது எந்தப் பாயை இறக்க வேண்டும், எதிரி மரக்கலத்தின் எந்தப் பக்கத்தில் மோத வேண்டும் என்று அவன் கணக்குப் போடுவதைப் படிக்கும்போது, கடலையே பார்க்காமல் வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உப்புக்காற்று அடிக்கும். சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதா மாதிரி ஒரு ஆசான் தமிழ்க் கதையில் அதிகம் இல்லை. மூன்று பாகம் பெரிதாகத் தெரிந்தால் ராஜ முத்திரையில் தொடங்குங்கள், பாண்டியர் காலத்துக் கதை, போர்த் தந்திரம் நன்றாக இருக்கும். ஜல தீபம் தமிழ்நாட்டை விட்டே வெளியே போய், மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயின் உலகத்தைக் காட்டும். ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பெண்களின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் சாண்டில்யன் நிறுத்த மாட்டார், கதை அங்கேயே நின்றுவிடும். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனால் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் அரு. ராமநாதனின் வீரபாண்டியன் மனைவி. இதை இப்போது பலர் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். மூன்றாம் குலோத்துங்கன் காலம். அதில் வரும் ஜனநாத கச்சிராயன் வாளைவிட மூளையை நம்புகிறவன். நல்லவனா கெட்டவனா என்று முடிவு செய்யவே முடியாது. அரசு என்றால் என்ன, விசுவாசம் என்றால் என்ன என்று அவன் பேசுகிற இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசிக்கத் தோன்றும். நந்தினியின் சூழ்ச்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் இது பிடிக்கும்.

அகிலனின் வேங்கையின் மைந்தன் ராஜேந்திர சோழன் காலத்துக் கதை, 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பொன்னியின் செல்வனுக்கு அடுத்த தலைமுறையைத் தெரிந்துகொள்ள நேர் வழி. பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம், பெரிய கோயில் கட்டிய கதை. சாகசத்தைவிட வேலை செய்த மனிதர்கள் மேல் கவனம். ஜெகசிற்பியன், நா. பார்த்தசாரதி, விக்கிரமன், கோவி. மணிசேகரன் எல்லோரும் கிளை நூலகத்தில் கிடைப்பார்கள், எடுத்துப் புரட்டிப் பிடித்தால் படியுங்கள்.

கொஞ்சம் பிந்தைய காலத்துக்கு வர விருப்பம் இருந்தால் இருவரைச் சொல்வேன். பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்து எழுந்தவை. மன்னர்களுக்குப் பதில் துபாஷிகளும் தேவதாசிகளும் விவசாயிகளும் முன்னால் வருகிறார்கள். சு. வெங்கடேசனின் வேள்பாரி நம் பக்கத்து வாசகரைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பறம்பு மலையும், அதன் செடிகொடிகளும், மூவேந்தர்களும் சேர்ந்து வந்து முற்றுகையிட்டும் மலையைக் கொடுக்காத ஒரு குறுநிலத் தலைவனும். சித்தேரி, வத்தல்மலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மலை அந்நியமாக இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் நகல்கள் ஏராளம். மாறுவேடத்தில் இளவரசன், தோளில் மச்சம், கோயில் கருவறைக்குப் பின்னால் சுரங்கம், எல்லா ரகசியமும் தெரிந்த ஒரு கிழவர். இவையெல்லாம் கல்கியிடமும் உண்டு, ஆனால் அவரிடம் சுரங்கத்துக்குள் போகிற மனிதன் பயப்படுவான், தும்முவான், கால் இடறுவான். நகல்களில் சுரங்கம் மட்டும் இருக்கும். முதல் இருபது பக்கத்தில் ஊர், வெயில், சாப்பாடு, வழி எதுவும் கண்ணில் தெரியாமல் பட்டப்பெயர்களும் வாள்வீச்சும் மட்டும் வந்தால் தைரியமாக மூடி வையுங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இதற்காகத்தான் நான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

சோழர் கதைகளில் நம் நாடு பெரும்பாலும் ஒரு சொல்லாக வந்து போகும். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் அவன் வென்ற நாடுகளின் பட்டியல் இருக்கிறதே, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி என்று, அந்த நுளம்பபாடியை ஆண்டவர்களின் கைக்குள் இருந்த ஊர்தான் நம் தர்மபுரி. வென்றவன் கதையில் நாம் பட்டியலில் ஒரு பெயர். தோற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் தர்மபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போங்கள். காமாட்சியம்மன் சன்னதியின் அடிப்பகுதியைச் சுற்றிக் குனிந்து பார்த்தபடி நடந்தால், சின்னச் சின்னச் சிற்பங்களாக ராமாயணம் ஓடும். நுளம்பர் கலையின் பெயர் சொல்லும் வேலை. திருவையாறு ஐயாறப்பர் கோயில் வளாகத்திலும் நுளம்பர் வேலைப்பாடுள்ள தூண்கள் நிற்கின்றன, வெற்றிக்குப் பிறகு சோழர்கள் பெயர்த்துக் கொண்டுபோனவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கற்றச்சனின் ஊரைப் பிடித்து, அவன் செதுக்கிய தூணை மாட்டு வண்டியில் ஏற்றிக் காவிரி ஓரமாகக் கொண்டுபோகிறார்கள். அந்த வண்டியின் பின்னாலேயே அவனும் நடந்து போயிருந்தால்? எனக்கு எழுதும் திறமை இருந்திருந்தால் இந்த ஒரு காட்சியில் ஆரம்பித்திருப்பேன்.

இன்னும் பின்னால் போனால் தகடூர்ப் போர். தகடூர் நம் தர்மபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் நெல்லிக்கனியைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அதோடு விட்டுவிடுகிறோம். ஔவை அவனைப் பாடிய பாட்டுகளை வரிசையாகப் படியுங்கள், ஒரு நாவலின் முதல் பாகம் அப்படியே கிடைக்கும். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒற்றைத் தேர்க்கால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்று எதிரிகளை எச்சரிக்கிறாள். இது புறநானூறு 87. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்ட, உன் வேல்கள் மயில்பீலி சூடி, எண்ணெய் பூசிக் காவல் வீட்டுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவை பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பதில் சொல்கிறாள். இது 95ஆவது பாட்டு. எதிரி அரண்மனைக்குள் ஒற்றை ஆளாக நின்று, புகழ்வது போலவே போய் அவன் மூக்கை உடைக்கிற இந்தக் காட்சியைவிடச் சிறந்த சாகசக் காட்சியை எந்த நாவலாசிரியர் எழுதிவிட முடியும்?

இரண்டாம் பாகம் போர். தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. இங்கேதான் கதை கனமாகிறது, ஏனென்றால் அவனை வில்லனாக்க முடியாது. முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் களைப்பில் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனாரை, வெட்டாமல் விட்டதோடு நிற்காமல், எழுந்திருக்கும் வரை விசிறிக்கொண்டு நின்றவன் இவன்தான். இவன் வெற்றியைப் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்தாகப் பாடியவர் அரிசில் கிழார். அதே அரிசில் கிழார், தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் எழினிக்காகவும் அழுதிருக்கிறார். விதைக்கு வைத்திருந்ததையே தின்றுவிட்ட, வாழ்ந்து கெட்ட உழவனைப் போல ஆகிவிட்டாயே, இவன் உயிரைக் கொள்ளாமல் விட்டிருந்தால் இவன் போர்க்களத்தில் கொல்லும் பகைவர் உயிரெல்லாம் உனக்குத்தானே கிடைத்திருக்கும் என்று எமனைத் திட்டுகிறார். வென்றவனைப் பாடிய வாயே தோற்றவனுக்கும் அழுகிறது. பாசறையில் ஒரு புலவர், இரண்டு பக்கமும் மதிப்பவர்கள், நடுவில் போர். தகடூர் யாத்திரை என்று இந்தப் போருக்கே ஒரு தனி நூல் இருந்தது. முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் சிதறிய பாட்டுகள்தான் மிச்சம். உடையார்குடிக் கல்வெட்டு சொல்லாமல் விட்டதை வைத்துக் கல்கி ஐந்து பாகம் எழுதினார் என்றால், ஒரு நூலே தொலைந்துபோன இடத்தில் எவ்வளவு எழுதலாம்!

அதியமான் வெறும் பாட்டு மனிதன் என்று யாராவது சொன்னால் ஜம்பைக் கல்வெட்டைக் காட்டுங்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டெடுத்தது. சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி கொடுத்த பளி, அதாவது துறவிகளுக்குக் கொடுத்த குகை உறைவிடம் என்று தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறது. அசோகன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு வரும் சதியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் கேள்விக்கு நம் ஊர்க்காரன் பெயரில் விடை கிடைத்தது அப்படித்தான்.

மன்னர்களை விடுங்கள். நம் மண்ணின் தனிச்சொத்து நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்டுவைத்த கற்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் அளவுக்குப் பழைய நடுகற்கள் தமிழ்நாட்டில் வேறெங்கும் கூட்டமாக இல்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் ஒரு கல்லின் முன் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். இடது கையில் வில், வலது கையில் ஓங்கிய வாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்தில் மூன்று நான்கு வரி: எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், யார் மாட்டைக் கவர்ந்தபோது மீட்டுப் பட்டான். இரவில் தொழுவம் உடைகிறது, மாடுகள் காட்டுப்பாதையில் ஓட்டப்படுகின்றன, ஒருவன் துரத்துகிறான், மாடு திரும்புகிறது, அவன் திரும்பவில்லை. அந்த நாலு வரிக்குள் முழு சாகசமும் இருக்கிறது. செங்கத்தை அடுத்த எடுத்தனூர்க் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். பல்லவ அரசியரில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது, இந்த நாயின் பெயர் தெரியும்.

அந்தக் கற்கள் பல இன்றும் கும்பிடும் சாமிகள். உங்கள் வகுப்பில் ஒரு வேடியப்பன் இருந்திருப்பான், பக்கத்து வீட்டில் ஒரு வேடியம்மாள். காட்டோரத்து வேடியப்பன் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தால் பல இடங்களில் உள்ளே நிற்பது வில் பிடித்த ஒரு நடுகல்தான். நாவலில் வாசகர்கள் தேடித் தேடி ரசிக்கும் வீரனுக்கு நம் ஊரில் பொங்கல் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கோட்டைக் கதை வேண்டுமா? ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியிலிருந்து ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் ஆண்டான், தந்தை சோமேஸ்வரன் நாட்டைப் பங்கு பிரித்த பிறகு அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை. ஐந்நூறு வருஷம் கழித்து, பாரா மகால் என்று அப்போது பெயர் பெற்றிருந்த நம் பகுதியின் கோட்டைகள். ஹைதரும் திப்புவும் ஒரு பக்கம், கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒரு பக்கம். 1791இல் ராயக்கோட்டை கும்பினியிடம் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற தளபதி கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கினார். கீழ்க்கோட்டை கைக்கு வந்தது, மேல்கோட்டையை நெருங்க முடியாமல் திரும்பினார்கள். தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியைக் கடக்கும்போது அந்தப் பாறையை அண்ணாந்து பாருங்கள், ஏன் முடியவில்லை என்று தானாகப் புரியும். 1792 ஒப்பந்தத்தில் இந்த நாடு கும்பினிக்குப் போனது. கும்பினி அதிகாரி ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை ஊர் ஊராக நிலம் அளந்து வரி போட்டார்கள். பாரா மகால் ஆவணங்கள் என்று அச்சிலேயே இருக்கின்றன: மக்கள், விளைச்சல், நிலவரி, சுங்கம் எல்லாம். எந்தச் சந்தையில் எதற்குச் சுங்கம் பிடித்தார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிற ஒரு நாட்டில், அந்தச் சுங்கச்சாவடியை இரவில் ஏமாற்றிக் கடக்கும் ஒருவனின் கதையை எழுத இன்னும் என்ன வேண்டும்?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாவல் கொடுக்கும் ஆவேசத்தில், அந்த மன்னன் எங்கள் ஆள், இந்தத் தளபதி எங்கள் சாதி என்று பேனர் அடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நம் ஊரிலும்தான். நாவலின் வரியை ஆதாரமாகக் காட்டிச் சண்டை போடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. கதையில் பிடித்த ஆளுக்குக் கல்வெட்டில் என்ன சாட்சி என்று போய்ப் பார்க்கிற பழக்கம் ஒன்று இருந்தால் போதும், இந்த வம்பு பாதி குறையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். காலையில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில், அங்கே மண்டபக் கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே அதியமான் கோட்டம். அங்கிருந்து தர்மபுரி அகழ்வைப்பகம், போவதற்கு முன் திறந்திருக்கும் நாளும் நேரமும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்ததும் கோட்டைக் கோயில். பையில் புறநானூறு உரையோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், 87 முதல் 95 வரை ஔவையின் பாட்டுகள் தொடர்ச்சியாக இருக்கும். மலை ஏறுவதில் ஆசை இருந்தால் இன்னொரு வாரம் ராயக்கோட்டை, உங்கள் ஊருக்கும் பக்கம்தான்.

கடைசியாகத் தங்கை. ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்கு ஐந்து பாகத்தை ஒரேயடியாகக் கையில் கொடுக்க வேண்டாம். கல்கியின் பார்த்திபன் கனவு வாங்கிக் கொடுங்கள். அவருடைய முதல் சரித்திர நாவல், 1941இல் தொடங்கியது, ஒரே புத்தகமாகக் கிடைக்கும். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, புத்தகத் திருவிழாவில் மலிவு விலைப் பதிப்பே கிடைத்துவிடும். வாங்கும்போது எழுத்து பொடியாக இல்லாததாகப் பார்த்து எடுங்கள். அது பிடித்தால் அடுத்து சிவகாமியின் சபதம், அதே மாமல்லன் நரசிம்மவர்மனின் இளமைக் காலம். பார்த்திபன் கனவில் ஒரு சிவனடியார் வருவார். அவர் யார் என்று தங்கை கேட்டால், எவ்வளவு கெஞ்சினாலும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.